அக்கா பேசிய கூட்டம்

ஜனவரி 11

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். தும்மலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால், "எனக்கென்னடி, கல்லாட்டம் இருக்கேன்" என்கிறாள். அரை மணி நேரம் அவளே பேசிவிட்டு, "சரி, உனக்கு வேலை கெடும், வைக்கறேன்" என்று வைத்தும்விடுகிறாள். பின்னால் நீ என்னவோ கத்துவது மட்டும் கேட்கிறது. அதனால் நம் இருவருக்கும் கடிதம்தான்.

பல் செட் செய்ய இங்கே கேட்கிற பரீட்சையில் நான் தேறிவிட்டேன். நாலாவது முறை.

இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லலாம். இங்கே வந்து இறங்கியதும், நம் ஊர் லேபில் பல் செட் செய்த அனுபவச் சான்றிதழை முதலாளியம்மாவிடம் நீட்டினேன். "எழுத்து அழகா இருக்கு" என்றாள். "ஆனா இங்க செல்லாது" என்று சொல்லிக் கையில் வாளியைக் கொடுத்தாள். அன்றிலிருந்து மற்றவர்கள் பல் செய்த தட்டுகளைக் கழுவினேன். பிளாஸ்டர் தரையில் சிந்திக் காய்ந்தால் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். முட்டி போட்டு அதைச் சுரண்டினேன். ஒன்பது வருஷம்.

போன திங்கட்கிழமை என் பெயர் தைத்த வெள்ளைக் கோட்டைக் கொடுத்தார்கள். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். முதல் வேலை, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்குக் கீழ்ப்பல் செட். "ரொட்டியைக் கடிச்சா எனக்கே சத்தம் கேக்குது" என்று சொல்லி அனுப்பினாராம்.

பாலிஷ் போடும்போது முகமூடி போட்டுக்கொள். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 2

என் தங்க அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் வீக்கம் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. உன் தும்மலுக்கு வெந்நீரில் ஆவி பிடி.

கோட்டு போட்ட படம் எங்கே? அது வராமல் அடுத்த கடிதம் கிடையாது! நீ வாளி தூக்கியதை அம்மாவிடம் படித்துக்காட்டினேன். "ஒரு வார்த்தை சொல்லலியே பாவி" என்றாள். அப்புறம் எழுந்து போய், நீ தேறியதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வாளியைச் சொல்லவில்லை.

இப்போது என் செய்தி. நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்.

குடிபெயர்வு ஒப்பந்தம் என்று பல நாடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கின்றனவே, அதில் உன் நாடும் உண்டு, நம் நாடும் உண்டு. ஒரு நாட்டுத் தொழில் சான்றிதழ் இனி மற்ற நாடுகளிலும் செல்லுமாம். வெல்டர், பிளம்பர், நர்ஸ் என்று போகிற பட்டியலில் நடுவில் யார் தெரியுமா? பல் செட் செய்கிறவர்கள்! பரீட்சையே கிடையாது, அக்கா. இங்கேயே ஒரு பயிற்சி, பிறகு நேராக மேசை. உங்கள் நாடாளுமன்றம் ஆகஸ்டில் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டியதுதான் பாக்கி.

இன்னொன்று. போகிறவர்கள் இரண்டாம் வருஷம் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொள்ளலாம். இது புதிதாகப் போகிறவர்களுக்கு மட்டும்தானாம். பழையவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதனால் என்ன? நான் கூட்டிவந்தால் உன்னிடம் வந்த மாதிரிதானே!

எனக்குப் பிளாஸ்டர் குழைக்கக் கற்றுக்கொடுத்ததே நீதான். உன் லேபில் இடம் இருந்தால் முதலாளியம்மாவிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேன். பக்கத்துப் பக்கத்து மேசையில் நாம் இருவரும்! நினைத்தாலே தலைகால் புரியவில்லை.

ஆயிரம் முத்தங்களுடன்,
குட்டி

மார்ச் 19

அன்புள்ள குட்டிக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை கழுத்தை நெரிக்கிறது. அம்மாவுக்கு மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறாய் அல்லவா?

ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம்.

ஆனால் காற்றில் கோட்டை கட்டாதே. இங்கே பலருக்கு அது பிடிக்கவில்லை. குளிர் நீ நினைப்பது போல் இல்லை. என் அறை சலவைக்கடை மாடியில் இருக்கிறது. கீழே இயந்திரம் ஓடினால் கட்டில் நடுங்கும். இங்கே சிரிப்பார்கள், ஆனால் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். வேலையிலும் மெழுகில் பல் அடுக்கும்போது நீ அவசரப்படுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு. இங்கே மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

லேபில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி இருக்கிறாள். நல்ல பெண்தான். டீ குடிக்கும்போது என்னிடம், "உங்க ஊர்க்காரங்க இனிமே நேரா மேசைக்கே வந்துடலாமாமே? அப்ப நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டாள். கள்ளமில்லாமல்தான் கேட்டாள். நானும் சிரித்தேன். அன்று மாலை என் கோட்டை ஆணியில் மாட்டும்போது அது யாருடையதோ போல இருந்தது.

அம்மாவை இங்கே வரவழைக்க நான் மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் "வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. உனக்குத் தெரிந்ததுதான். சும்மா எழுதுகிறேன்.

தெருமுனை பேக்கரிக்காரர் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்துக் கூட்டம் போடுகிறார். எல்லாரும் போனார்கள், நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முரட்டு ஆள் இல்லை. எனக்கு எப்போதும் சூடான ரொட்டியாகப் பார்த்துக் கொடுப்பார்.

முதலாளியம்மாவுக்கு இப்போது மனசு சரியில்லை. சமயம் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நலம். மாத்திரை நேரம் தவறுவதில்லை. உன் தும்மல் என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

குளிர், நடுங்கும் கட்டில், வீட்டுக்குக் கூப்பிடாத ஜனங்கள். படித்துவிட்டு அம்மா, "இவ்ளோ கஷ்டமா இருந்தா பெரியவ ஏன் திரும்பி வரலே?" என்று கேட்டாள்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதில் "வா" என்ற ஒரு எழுத்தைத் தேடினேன். விட்டுப்போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சின்ன வயதில் உன் சட்டை எனக்கு வந்தது. உன் பை வந்தது. உன் புத்தகத்தில் உன் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். லேபிலும் நீ எழுந்துபோன நாற்காலிதான். உட்கார்ந்த பிறகும், வருகிறவர்கள் "பெரியவ கை மாதிரி வராது" என்றார்கள். நீ ஊருக்குப் போன அன்று நான் அழுதது உனக்குத் தெரியும். பாதி அழுகை பொறாமை என்பது உனக்குத் தெரியாது. முதல்முறையாக, யாரும் உடுத்திக் கழற்றாத ஒன்று எனக்கு வருகிறது, அக்கா. அதுதான் இந்தத் துள்ளல்.

பயிற்சி தொடங்கிவிட்டது. அதிகாரி ஒரு தாளை நீட்டி, "இந்த ஒப்பந்தத்தைப் பத்தி இங்கயும் சரி, அங்கயும் சரி, வெளியில ஒண்ணும் பேசக்கூடாது, எழுதக்கூடாது. கையெழுத்துப் போடுங்க" என்றார். வெல்டர் ஒருத்தர், "சம்பளம் தரலேன்னாகூடவா சார்?" என்று கேட்டார். அதிகாரி பேனாவைத்தான் நீட்டினார். எல்லாரும் போட்டோம். எனக்கு என்ன பேச இருக்கிறது, பல்லைப் பார்த்தால் போதாதா?

முதலாளியம்மாவிடம் கேட்டாயா?

அன்புடன்,
குட்டி

மே 3

குட்டிக்கு,

தும்மல் நின்றுவிட்டது. உங்கள் சுகத்துக்கு எழுது.

முதலாளியம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அவள் வெளியூர் போயிருக்கிறாள்.

போன ஞாயிறு போனில் அம்மா, குட்டிக்கு ஸ்வெட்டர் வாங்கினேன், குட்டிக்குப் பெட்டி வாங்கினேன், குட்டி விமானத்தில் பயப்படுவாளோ என்று ஒரே குட்டி புராணம். நான் விமானம் ஏறியபோது கையில் ஒரு துணிப்பைதான் இருந்தது. "நீ எப்படிம்மா இருக்கே" என்று அவள் கேட்பதற்குள் வைக்கும் நேரம் வந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு மாலை வெளியே போகவேண்டியிருந்தது. விசேஷம் ஒன்றும் இல்லை. அங்கே வெளிநாட்டுச் செய்திகள் எல்லாம் டிவியில் வருமா?

அக்கா

மே 21

அக்காவுக்கு,

வரும்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு, "அடியே, பெரியவடி! டிவில பெரியவடி!" என்று கத்தினாள். நீ மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தாய். இளைத்திருக்கிறாய். அந்த நாட்டுப் பாஷை அம்மாவுக்குப் புரியாது. கீழே ஓடிய எழுத்தை அவளால் படிக்க முடியாது. நான் படித்தேன்.

"அவர்கள் செய்யும் பல்லை உங்கள் தாயின் வாயில் வைப்பீர்களா?"

அம்மா வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் இருப்பது போன வருஷம் நான் செய்த பல்.

"என்னடி பேசறா?" என்று கேட்டாள். "அவ வேலையைப் பத்தி பேசறாம்மா" என்றேன். தெரு முழுக்க இப்போது உன் பெருமைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குட்டி

ஜூன் 14

குட்டிக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். அம்மாவிடம் நீ சொல்லாமல் இருந்ததற்கு நன்றி.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் பெரியவர்கள் முட்டி மடங்க உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் பேசினார். "என் வீட்டுக்கு யார் வரணும், எத்தனை பேர் வரணும்னு நான்தான் சொல்லணும். எங்கயோ ஒரு ஊர்ல மேசையைச் சுத்தி உக்காந்து, நம்மள ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டுட்டாங்க. கையெழுத்து அவங்களது, வீடு நம்மளது." இதில் தப்பு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஒரு டீச்சரம்மா எழுந்து, "வர்றவங்க இல்லேன்னா உங்க ஆஸ்பத்திரியை யாரு நடத்துவாங்க?" என்று கேட்டாள். அதிலும் தப்பு இல்லை. இன்னொருவர், "இப்படிப் பேசறதே நாளைக்குக் குத்தமாயிடும். வந்தவங்க மனசு நோகப் பேசினா நடவடிக்கைன்னு அந்த ஒப்பந்தத்துலயே ஒரு வரி இருக்கு" என்றார். சலசலப்பு எழுந்தது. அப்போது பேக்கரிக்காரர், "வெளியில இருந்து வந்தவங்க யாராவது சொல்லுங்களேன்" என்றார். என் கை மேலே போயிருந்தது.

"நான் வாசல்ல நின்னு, கதவைத் தட்டி, அது திறக்கற வரைக்கும் காத்திருந்து வந்தவ. இனிமே கதவே கிடையாதுன்னா, நான் காத்திருந்ததுக்கு என்ன அர்த்தம்? என் அம்மாவைக் கூட்டிவர எனக்கு அனுமதி இல்ல, நாளைக்கு வர்றவளுக்கு உண்டா? இதை எழுதினவங்களுக்கு எங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதே தெரியலியா?" என்றேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

யாரோ "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்கள். இந்த ஊரில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, குட்டி. அதற்குப் பிறகு வந்ததுதான் நீ படித்த வரி. எழுந்து நின்று கை தட்டினார்கள். கேமரா இருந்ததை வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன்.

நீ புண்பட்டிருப்பாய். ஆனால் நான் பேசியது சட்டத்தைப் பற்றி, உன்னைப் பற்றி அல்ல. என் வாயால் என் மனதில் பட்டதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

லேபில் எல்லாம் வழக்கம்போல.

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

அம்மா நலம். நான் நலமாக இல்லை.

"லேபில் எல்லாம் வழக்கம்போல" என்று எழுதியிருக்கிறாய். எந்த லேபில்? ஒரு மாதமாக உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சலவைக்கடை மாடியில் உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாயா? விசாரணைக் குழு எனக்கே எழுதியிருக்கிறது. உன் லேப் அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பல் செட் செய்வதால், வந்தவர்கள் மனசு நோகப் பேசக்கூடாது என்ற விதி உனக்கும் பொருந்துமாம், அரசு வேலைகளில் மட்டும் அதை ஓட்டுக்கு முன்பே அமலாக்கிவிட்டார்களாம். வந்தவளான நீ, வரப்போகிறவர்களை நோகடித்துவிட்டாய்! என் விண்ணப்பத்தில் அக்கா என்று உன்னைக் குறித்திருந்தேன். அதைப் பார்த்து, "அந்தப் பேச்சால் உங்களுக்குப் பாதிப்பு உண்டா? எழுதி அனுப்பவும்" என்று கேட்டிருக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றிப் பேசினாயா? அம்மாவைக் கூட்டிவர முடியவில்லை என்றாயே, அது சட்டம். அதைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. ஊரைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள் என்பதும் சட்டம். இங்கேயும் எங்களை யாரும் கேட்கவில்லை, நாற்றைப் பிடுங்கி நடுவது போல அனுப்புகிறார்கள். அதைப் பேசு, ஊரைக் கூட்டிப் பேசு. ஆனால் எங்கள் வேலை மட்டம் என்றாயே, அது எந்தச் சட்டம்? அந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நேராகச் சொல். அன்றைக்கு நீ பேசியதில் உன் ஊருக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு?

குழுவுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று உன்னிடம் சொல்லப்போவதில்லை. அங்கே போய்க் கேட்டுக்கொள்.

குழுவிலிருந்து நகல் வந்திருக்கும் போல, பயிற்சி அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "வெளியில எழுத மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கே?" என்று மேசையைத் தட்டினார். என் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். வெல்டரும் மற்றவர்களும் கண் பரிசோதனைக்குப் போனபோது நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அதிலாவது ஒழுங்காக இரு.

குட்டி

ஆகஸ்ட் 20

குட்டிக்கு,

உன் கோப்பு என்ன ஆயிற்று? முதலில் அதை எழுது. நான் சாப்பிடுகிறேன்.

விசாரணை நேற்று முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் முதலாளியம்மா. சுவரோரம் செம்பட்டை முடிக்காரியும் பேக்கரிக்காரரும். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உங்க தங்கச்சிகிட்டேர்ந்து ஒரு கடிதம், ஒரு பார்சல்" என்றார். தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன். நான் செய்ததற்கு நீ அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். உன் இடத்தில் நான் இருந்தால் எழுதியிருப்பேன்.

அவர் வாசித்தார். நீ எழுதியது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "என் அக்கா அவமானப்படுத்தியது என்னை. அதற்காக அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. தயவுசெய்து நடுவில் வராதீர்கள். அவள் சொன்னது தப்பென்றால் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. நீங்கள் அவள் வாயை மூடிவிட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வது? எங்கள் வேலை மட்டம் என்றாள். என் பதிலைப் பார்சலில் வைத்திருக்கிறேன்."

பிரித்தார்கள். முழு பல் செட், மேலும் கீழும். தலைவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார். முதலாளியம்மா வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

மேல் கோரைப்பல்லை இம்மி திருப்பி வைத்திருக்கிறாய். முன்பல் ஒன்றின் ஓரத்தை, வயதானவர்களுக்குத் தேய்வது போல, தேய்த்திருக்கிறாய். பார்த்தால் செய்த பல் என்றே தோன்றாது. இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததில்லை, குட்டி. எனக்கே தெரியாது. நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த வருஷங்களில் நீ இதைச் செய்து பழகியிருக்கிறாய்.

என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையோடு. வெளியே வந்ததும் பேக்கரிக்காரர், "உங்க தங்கச்சி மாதிரி ஆளுங்க வந்தா நான் ஏன் வேணாங்கறேன்? என்னைக் கேட்டுட்டுக் கூப்பிடுங்கன்னுதான் சொல்றேன்" என்றார். செம்பட்டை முடிக்காரி, "எவ்ளோ பெரிய மனசு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலாளியம்மா, "இந்தப் பொண்ணு எப்ப வர்றா?" என்று கேட்டாள். எனக்கு வேலை திரும்பக் கிடைத்த நாளில் எல்லார் வாயிலும் நீதான்.

நேராகச் சொல் என்றாய். பதில்: கையைத் தூக்கியது ஊருக்காகவும் அம்மாவுக்காகவும். கடைசி வரி முழுக்க உனக்காக. நீ கோட்டு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்காரப்போகிறாய், வாளியைத் தொடாமல். அம்மா உன் வீட்டில் இருப்பாள், நான் விருந்தாளியாக வந்து மணியடிப்பேன். அதை நினைத்தால் வயிறு எரிந்தது. நேற்று நீ என்னைக் காப்பாற்றினாய், அதற்கும் எரிந்தது. இப்போது எழுதும்போதும் அணையவில்லை. எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது. வராததைப் பொய்யாக எழுத வரவில்லை.

நாடாளுமன்றத்தில் ஒப்பந்தம் நூலிழையில் தேறிவிட்டது. ஒவ்வொரு ஊரும் தனக்கு எத்தனை பேர் என்று சொல்லலாம் என ஒரு திருத்தம் சேர்த்திருக்கிறார்கள். பேசினால் நடவடிக்கை என்ற வரியை அடுத்த வருஷம் பார்ப்பார்களாம்.

அக்கா

செப்டம்பர் 8

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நீ வேலைக்குப் போகிறாய் என்றதும் எனக்குச் சோறு இறங்கியது.

என் கோப்பு எழுந்து வந்துவிட்டது. உன் முதலாளியம்மா என்னைத்தான் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அதிகாரிக்கு ஒரே ஆச்சரியம். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரும்மா" என்று சொல்லித்தான் முத்திரை குத்தினார். சரி என்று சொல்லவில்லை, சிரித்துவைத்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி போனில் அந்தக் காட்சியைப் போட்டு எழுத்தைப் படித்துக்காட்டிவிட்டாள். நான் பயந்தபடி இருந்தேன். அம்மா இடி விழுந்தது போல உட்காருவாள் என்று நினைத்தேன். "அவ எப்பவுமே அப்படித்தான். நீ தொட்டில்ல கெடந்தப்பவே யாரும் பாக்காதப்ப வந்து கிள்ளிட்டுப் போவா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என்னமா நிமிந்து நிக்கறா பாரு" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கும் எரிந்தது, அக்கா. அத்தனைக்கும் பிறகு அம்மா பார்த்தது உன் நிமிர்வைத்தான்! நான் எத்தனை செட் செய்தாலும் பெரியவள் பெரியவள்தான்.

பொறாமையில் நாம் இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போலிருக்கிறது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சித்தி வந்து அம்மாவோடு இருக்கச் சம்மதித்துவிட்டாள். அடுத்த மாதக் கடைசியில் விமானம். நான் வருவேன். நீ கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன். ஆனால் நீ கூப்பிட்டால் நன்றாக இருக்கும்.

கடைசி வரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

குட்டி

அக்டோபர் 2

அன்புள்ள குட்டிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவிடம் சொல், கிள்ளியது உண்மைதான் என்று.

கனமான காலுறை நாலு ஜோடி எடுத்துவா, இங்கே வாங்குவது சீக்கிரம் கிழிகிறது. உன் மெழுகுக் கத்தியைக் கைப்பையில் வைக்காதே, பிடுங்கிக்கொள்வார்கள்; பெட்டிக்குள் வை. என் அறையில் இன்னொரு கட்டில் போட்டிருக்கிறேன். இயந்திரம் ஓடினால் அதுவும் நடுங்கும். பழகிவிடும்.

நேற்று முதலாளியம்மா உனக்கு எந்த மேசை என்று கேட்டாள். ஜன்னலோர மேசை இருக்கிறது. பல்லின் நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் லேபில் இல்லை. யாராவது பெரிய மனசுக்காரியாக இருந்தால் உனக்கு விட்டுக்கொடுத்திருப்பாள். நான் அதை எனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்குப் பக்கத்து மேசை. வந்ததும் சண்டை போடு, தர மாட்டேன்.

முதல் ஞாயிறு பேக்கரிக்காரரிடம் கூட்டிப்போகிறேன். அவர் உன்னிடம் வாதாடுவார், நீ விடாமல் பதில் சொல். நான் யார் பக்கம் என்று கேட்காதே. அன்றைக்கு யார் சொல்வது எனக்குச் சரியென்று படுகிறதோ, அவர்கள் பக்கம்.

அம்மாவின் விண்ணப்பத்தை நீதான் போட வேண்டும், உன் பெயரில்தான் செல்லும். காகிதங்களை நான் திரட்டி வைக்கிறேன். அவள் வந்தால் வாரத்தில் பாதி நாள் என்னோடு. இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

விமான நிலையத்துக்கு வருவேன். உன்னைப் பார்த்ததும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு முழுதாக வர இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். அதுவரை பொறுத்துக்கொள்.

வா.

உன் அக்கா